வலைத்தளமும் விழியற்றோரும்: ஒரு வாசிப்புரிமையின் வரலாறு

எழுத்து, கண்ணை நம்பிப் பிறந்த சாதனம். கல்லிலும் ஓலையிலும் செப்பேட்டிலும் காகிதத்திலும் மனிதன் தன் நினைவைப் பதித்துவைத்த பல ஆயிரம் ஆண்டுகளில், அவற்றைக் காண இயலாதவருக்குப் பிறர் வாயே கதியாக இருந்தது. படித்துக் காட்ட ஆள் கிடைத்தால் கேட்கலாம். கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். படிப்பவர் சோம்பலினாலோ சங்கோசத்தினாலோ இடையில் எதையேனும் விட்டுவிட்டால், விடுபட்டது இன்னதென்று தெரிந்துகொள்ளவும் மார்க்கமில்லை. தம் பெயருக்கு வந்த கடிதத்தைத் தமக்கு முன்னால் இன்னொருவர் படித்தறிய வேண்டிய நிர்ப்பந்தம் எத்தகைய பராதீனம் என்பதை, அதை அனுபவித்தவரே அறிவர். அந்தப் பராதீனத்தை ஒழிப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் பிரயத்தனத்தின் இறுதி அத்தியாயமே, வலைத்தளங்களை மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் பிறர் துணையின்றி உபயோகிக்கும்படி அமைக்க வேண்டும் என்னும் இன்றைய இயக்கம். இதைக் கணினித் தொழிலின் ஒரு சில்லறை நுட்பமாகவோ, வசதியுள்ள ஸ்தாபனங்கள் மனமிரங்கிச் செய்யும் தர்மமாகவோ நினைப்பவர்கள் அநேகர். வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அந்த நினைப்பு நிலைக்காது.

1785-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் வலந்தின் ஹவுய் என்பவர் பார்வையற்ற சிறுவர்களுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். சாதாரண ரோமன் எழுத்துகளையே தடித்த காகிதத்தில் புடைத்தெழும்படி அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கச் செய்தது அவருடைய முறை. நோக்கம் உயர்ந்ததாயினும், கண்ணுக்கென்று வகுத்த வடிவங்களை விரல் மிகுந்த சிரமத்தோடுதான் அடையாளம் கண்டது. மாணவர்கள் அவற்றைப் படிக்கலாமேயன்றித் தாமே எழுத இயலவில்லை. அப்பள்ளிக்கு 1819-இல் பத்து வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் லூயி பிரெய்ல். தந்தையின் சேணப் பட்டறையில் மூன்றாம் வயதில் கூரிய கருவியொன்று கண்ணில் பட்டதனால் பார்வையை இழந்தவர் அவர். சார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டு அமைத்திருந்த ஓர் எழுத்து முறை 1821-இல் பள்ளிக்கு அறிமுகமாயிற்று. விரல்நுனியின் ஒரே ஸ்பரிசத்தில் அடங்காத அந்தப் பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்து, அவற்றிலிருந்து 63 குறிகளைப் பெறும் முறையைப் பிரெய்ல் தம் பதினைந்தாம் வயதிலேயே வகுத்துவிட்டார்; 1829-இல் அது நூலாகவும் வெளிவந்தது. ஆனால் பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது தாங்கள் படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தது. பள்ளியின் நிர்வாகம் நெடுங்காலம் அதனை எதிர்த்தது. மாணவர்களோ அதனை விடாமல் பயின்றனர். பிரெஞ்சு அரசாங்கம் 1854-இல் அம்முறையை அங்கீகரித்தபோது, அதைக் கண்டவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவு அடைபட்டவர்களில் ஒருவரே அதன் திறவுகோலைச் செய்கிறார். அதிகாரத்தில் உள்ளவர்கள் காலம் தாழ்த்தி ஒப்புக்கொள்கிறார்கள். பின்னால் வந்த பல கட்டங்களிலும் இதே கதை திரும்ப நடப்பதைக் காண்போம்.

இந்தியாவுக்கு இக்கல்வி மிஷனரிமார் வழியாக வந்தது. 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890-இல் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோருக்குப் பள்ளிகளைத் தொடங்கினர். தேசத்தின் பல பாகங்களில் பலர் பல விதமாகப் புள்ளிகளை வகுத்துக்கொண்டதனால் நேர்ந்த குழப்பம், சுதந்திரத்துக்குப் பின், 1951-இல் பாரதி பிரெய்ல் என்னும் பொது முறையினால் தீர்ந்தது. அம்முறையில் ஒரே ஒலிக்கு இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே புள்ளிக்கோவை. தமிழ்ச் சிறுவன் தடவும் ககரமும் வங்காளச் சிறுமி தடவும் ககரமும் விரலுக்கு ஒன்றே. ஒரு பொதுப் பிரமாணத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எழுத்து எங்கும் செல்லும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. பிற்காலத்தில் தமிழ் வலைத்தளங்கள் அந்தப் பாடத்தை மறந்து பெரிய விலை கொடுத்தன.

பிரெய்லுக்கும் எல்லை உண்டு. தடித்த தாளும் பருத்த புள்ளிகளும் இடத்தை அடைக்கும். கையடக்கமான ஓர் அகராதி பிரெய்லில் அலமாரி நிறையும் தொகுதிகளாகிவிடும். அச்சாகும் நூல்களில் மிகச் சொற்பமானவையே புள்ளிக்கு மாற்றப்பட்டன. அன்றாடச் செய்தித்தாளோ வங்கிக் கடிதமோ மாற்றப்பட வழியே இல்லை. 1976-இல் அமெரிக்காவில் ரே குர்ஸ்வைல் என்னும் விஞ்ஞானி, பார்வையற்றோர் தேசிய சம்மேளனத்தின் ஒத்துழைப்போடு, அச்சிட்ட பக்கத்தை ஒளியால் தடவி எழுத்துகளை இனங்கண்டு செயற்கைக் குரலால் உரக்கப் படிக்கும் யந்திரம் ஒன்றை வெளியிட்டார். விலை மிகுந்த அந்த யந்திரம் நூலகங்களுக்கும் ஸ்தாபனங்களுக்குமே எட்டியது. எனினும், அச்சு எழுத்தை மனிதர் துணையின்றிச் சப்தமாக்க முடியும் என்ற நம்பிக்கை அதனால் ஊன்றியது.

அடுத்து வந்தது மேசைக் கணினி. தொடக்ககாலக் கணினித் திரை பார்வையற்றோருக்கு எதிர்பாராத ஒரு சௌகரியத்தைக் கொடுத்தது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். டாஸ் என்னும் அக்கால இயக்க முறைமையில் திரைக்கு 25 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். அந்த 2000 இடங்களில் ஒவ்வொன்றிலும் இன்ன எழுத்து நிற்கிறது என்பது கணினியின் நினைவகத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும். அதை எடுத்துச் செயற்கைக் குரலுக்குக் கொடுத்துவிட்டால் திரை பேசத் தொடங்கிவிடும். 1980-களின் மத்தியில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் ஜிம் தாட்சர் என்னும் கணித நிபுணர், தமக்கு முன்னர் ஆசிரியராகவும் பின்னர் சகாவாகவும் இருந்த பார்வையற்ற கணித அறிஞர் ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து இவ்வகை மென்பொருளை உருவாக்கினார். அதற்கு இட்ட ஸ்கிரீன் ரீடர் என்ற பெயரே பின்னர் அவ்வகை முழுவதற்கும் பொதுப்பெயராக நிலைத்தது. எத்தனையோ பார்வையற்றோர் அந்த ஆண்டுகளில் கணினி நிரலாளர்களாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் முதன்முதலாகச் சமமான உத்தியோகம் பெற்றனர்.

பெற்ற இடம் வெகு சீக்கிரம் ஆட்டங்கண்டது. எழுத்துத் திரை போய்ச் சித்திரத் திரை வந்தது. ஐகான்களும் சாளரங்களும் மௌஸ் கொண்டு சுட்டும் அம்பும் பார்வையுள்ளோருக்குக் கணினியை எளிதாக்கின. திரையில் தெரிவது எழுத்தாக நினைவகத்தில் நிற்காமல் வெறும் வண்ணப் புள்ளிகளின் கூட்டமாக மாறியதனால், ஸ்கிரீன் ரீடர்கள் படிப்பதற்கு ஏதும் அகப்படாமல் ஊமையாயின. நேற்று வரை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கணினியை மாற்றிய மறுநாளே வேலையற்றவராகும் அபாயம் உண்டாயிற்று. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் பிரதானமானவர் டெட் ஹென்டர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த அவர் 1978-இல் கார் விபத்தில் கண்களை இழந்து, நிரல் எழுதக் கற்று, 1987-இல் கூட்டாளி ஒருவருடன் நிறுவனம் தொடங்கி, 1989-இல் டாஸுக்கும் 1995-இல் விண்டோஸுக்கும் ஜாஸ் என்னும் ஸ்கிரீன் ரீடரை வெளியிட்டார். திரையில் வரையப்படும் ஒவ்வொன்றையும் வரையும் கணத்திலேயே கவனித்து, மறைவில் ஓர் எழுத்துப் பிரதி தயாரித்துக்கொண்டு, அதிலிருந்து வாசிப்பது அக்கால மென்பொருள்களின் உபாயம். இழந்த இடத்தை மீட்டுத் தந்தவரும் பார்வையற்ற ஒருவரே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில்தான் வையவிரிவலை பிறந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்து, 1991-இல் உலகுக்குக் காட்டி, 1993-இல் அக்கூடம் கட்டணம் ஏதுமின்றிப் பொதுச் சொத்தாக்கிய அந்தச் சாதனம், இயல்பிலேயே எழுத்தினால் ஆனது. அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, ஒரு பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைவிட, அதில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது இன்னொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்பதையே பிரதானமாகச் சொல்லும். தலைப்பைத் தலைப்பென்று குறித்துவிட்டால், கண்ணுக்குப் பெரிய எழுத்தில் காட்டுவதோ, காதுக்குத் தலைப்பு என்று சொல்லிப் படிப்பதோ, விரலுக்குப் புள்ளியில் எழுப்புவதோ அவரவர் கருவியின் வேலை. மனித சரித்திரத்தில் முதன்முறையாக, பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே பிரதியை ஒரே நாளில் படிக்கத்தக்க எழுத்துச் சாதனம் கிடைத்தது. செய்தித்தாள் வெளியான அன்றே அதைத் தாமாகப் படிப்பது என்பது பார்வையற்ற ஒருவருக்கு எத்தகைய பாக்கியம் என்பதை, பிரெய்ல் நூலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த தலைமுறை நன்கு அறிந்திருந்தது.

அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொண்டோம். 1993-இல் வெளிவந்த மொசைக் என்னும் உலாவி எழுத்தோடு படங்களையும் கலந்து காட்டியது. மக்கள் திரளாக வலைக்கு வந்ததும் அதனால்தான். படத்துக்குப் பதிலாகச் சில சொற்களைக் குறித்துவைக்க எச்.டி.எம்.எல்.லில் ஆல்ட் என்னும் இடம் விரைவிலேயே ஏற்பட்டது. எனினும் அதை நிரப்பியவர்கள் சிலரே. வடிவழகில் மோகங்கொண்ட பக்க வடிவமைப்பாளர்கள், எழுத்தையே படமாக்கிப் பதித்தனர். அட்டவணைக்கென்று இருந்த குறிகளைக் கொண்டு பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தனர். இடைவெளி விடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படங்களை நூற்றுக்கணக்கில் செருகினர். பார்ப்பவர் கண்ணில் படாத அக்குட்டிப் படங்கள் ஒவ்வொன்றின் கோப்புப் பெயரையும் ஸ்கிரீன் ரீடர் விடாமல் உரக்கப் படித்தது.

ஒரு பயணச்சீட்டுப் பதிவுப் பக்கத்தைப் பார்வையற்றவர் திறக்கும்போது நிகழ்வதை ஒரு முறை அருகிருந்து கேட்டால் இதன் கொடுமை புரியும். பக்கத்தின் உச்சியிலுள்ள நாற்பது, ஐம்பது இணைப்புகளையும் குரல் வரிசையாகச் சொல்லி முடித்த பிறகே படிவம் வருகிறது. புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி என்ற சொற்கள் திரையில் பெட்டிகளுக்கு அருகில் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்தச் சொல் இந்தப் பெட்டிக்கு உரியது என்று குறிமொழியில் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆகவே குரல், எடிட், எடிட், எடிட் என்று மும்முறை சொல்லி நிற்கிறது. எந்தப் பெட்டியில் எந்த ஊரை இடுவது என்பது ஊகம். ஊகித்து இட்டு முன்னேறினால், நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் பாதுகாப்புப் படம் வருகிறது. அதை எந்த மென்பொருளும் படித்துவிடக் கூடாது என்பதே அதன் லட்சணமாதலால், ஸ்கிரீன் ரீடருக்கும் அது சுவரே. அதையும் ஒருவாறு கடந்தால், கடைசியில் பணம் செலுத்தும் பொத்தான் பெயரற்ற படமாக இருக்கிறது. பட்டன் என்பதற்கு மேல் குரல் எதுவும் சொல்வதில்லை. அதற்குள் அவகாசம் முடிந்துவிட்டதென்று தளம் அவரை வெளியே அனுப்பிவிடுகிறது. இவ்வளவு தொல்லையும் சில வரிக் குறிகளால் தீரக்கூடியது என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

இந்தச் சீர்கேட்டை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டவர்களும் இருந்தனர். 1994-இல் சிகாகோவில் நடந்த இரண்டாவது வையவிரிவலை மாநாட்டில் பெர்னர்ஸ்-லீ மாற்றுத்திறனாளிகளின் தேவையைத் தம் உரையில் எடுத்துரைத்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையத்தைச் சேர்ந்த கிரெக் வாண்டர்ஹைடன் 1995-இன் தொடக்கத்தில் முதல் வழிகாட்டிக் குறிப்புகளைத் தொகுத்தார். பின்னர் ஆளுக்கொரு குறிப்பாகப் பல தொகுப்புகள் தோன்றவே, அவற்றை ஒன்றுபடுத்தும் அவசியம் எழுந்தது. வையவிரிவலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு 1997-இல் இதற்கென்றே ஒரு தனிப்பிரிவை அமைத்தது. ஜூடி புரூவர் அதன் தலைமையை ஏற்றார். 1999-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி, 14 நெறிகளும் 65 சோதனைக் குறிப்புகளும் அடங்கிய முதல் பொதுப் பிரமாணம் வெளிவந்தது. படத்துக்குச் சொல் கொடு, நிறத்தை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்தாதே, பத்தியையும் தலைப்பையும் உள்ளபடி குறி, மௌஸ் இல்லாதவரும் இயக்கும்படி செய் என்று எளிய கட்டளைகளாகவே அதன் சாரத்தைச் சொல்லிவிடலாம்.

அதே காலத்தில் ஜப்பானில் இன்னொரு முயற்சி நடந்தது. பதினான்காம் வயதில் பார்வையை முற்றும் இழந்த சியேகோ அசகாவா, 1985-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தோக்கியோ ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, 1997-இல் ஹோம் பேஜ் ரீடர் என்னும் பேசும் உலாவியை உருவாக்கினார். சாதாரண வாசகத்தை ஆண்குரலிலும் இணைப்புகளைப் பெண்குரலிலும் அது படிக்கும். ஒரு சொல் வாசிப்பதற்கு மட்டும் உரியதா, அழுத்திச் செல்லத்தக்க வழியா என்பதைக் காது அந்தக் கணத்திலேயே அறிந்துகொள்ளும். கேட்டே படிப்பவர் ஒருவரின் அனுபவத்திலிருந்து பிறந்த நுட்பம் அது.

பிரமாணம் எழுதப்பட்டதனாலேயே உலகம் திருந்திவிடவில்லை. நியாயஸ்தலத்தின் துணையும் வேண்டியிருந்தது. அந்த வரலாற்றில் முதன்மையான வழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிகளுக்கான வலைத்தளத்தில் படங்களுக்குச் சொற்குறிப்பு இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து போட்டிப் பிரிவுகளின் பட்டியலுக்குச் செல்ல வழியில்லை. முடிவுகளின் அட்டவணையும் படிக்கத்தக்கதாக இல்லை. பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெய்ல் கருவியில் வலையைப் படிப்பவருமான புரூஸ் மகுவாயர், 1992-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாரபட்சத் தடைச் சட்டத்தின் கீழ் 1999-இல் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அமைப்புக் குழு, இதைச் சரிசெய்ய ஏராளமான ஆட்களும் நாட்களும் இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட செலவும் ஆகும், இத்தகைய சுமையைச் சட்டம் சுமத்தாது என்று வாதாடியது. நிபுணர் சாட்சிகளாக வந்த டாம் வொர்திங்டனும் ஜுட்டா டிரெவிரானஸும், ஒரு சிறு குழு சில வாரங்களில் முடிக்கக்கூடிய காரியம் இது என்று எடுத்துக்காட்டினர். 2000 ஆகஸ்டில் ஆணையம் முறையீட்டாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் திருத்தும்படி உத்தரவிட்டது. குழு முழுமையாக இணங்காமையால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. தொகை சிறிது, அதன் தாத்பரியம் பெரிது. வலைத்தளம் என்பது பொதுமக்களுக்கு அளிக்கப்படும் சேவை, அதில் ஒருவரைத் தள்ளிவைப்பது பாரபட்சம் என்று சட்டத்தின் வாயால் உலகம் கேட்டது அப்போதுதான்.

வீடு கட்டி முடித்துச் சுண்ணாம்பும் அடித்தபின் சுவரை இடித்து வாசற்படி வைப்பவன், செலவு அதிகம் என்று புலம்புவதில் நியாயம் ஏது? சிட்னிக் குழுவின் கணக்கு அத்தகையதே. முறையீடு வந்த அன்றே தொடங்கியிருந்தால் அச்செலவில் பெரும்பகுதி நேர்ந்திராது. இதே பாடத்தை அமெரிக்காவில் டார்கெட் என்னும் பெரு வணிக நிறுவனம், தன் வலைத்தளம் பற்றிய வழக்கை 2008-இல் அறுபது லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு கற்றது. அந்நாட்டு மத்திய அரசாங்கம் 1998-இலேயே தன் மின்னணுச் சாதனங்கள் அனைத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியிருந்தது.

2008 டிசம்பர் 11-இல் வெளிவந்த பிரமாணத்தின் இரண்டாம் பதிப்பு, இந்த இயக்கம் கண்ணின் எல்லையோடு நிற்பதில்லை என்பதை மேலும் தெளிவாக்கியது. உணரத்தக்கது, இயக்கத்தக்கது, விளங்கத்தக்கது, உறுதியானது என்ற நான்கு தத்துவங்களின்மேல் அது நின்றது. காது கேளாதவருக்குக் காணொளியின் பேச்சு எழுத்தாக ஓட வேண்டும். கை நடுங்குபவர் மௌஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் செய்ய இயல வேண்டும். மங்கிய பார்வையுடைய முதியவருக்காக எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலேனும் வேறுபாடு இருக்க வேண்டும். வலிப்பு நோயுள்ளோர் பொருட்டு எதுவும் ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. இப்படி ஒருவருக்கென வகுத்த விதி பலருக்கும் பயன்பட்டது: வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் தெளிந்த நிறம் உதவுகிறது, இரைச்சலுள்ள பேருந்தில் செல்பவரும் ஓடும் எழுத்தைப் படித்தே காணொளியைப் பின்தொடர்கிறார். 2018-இலும் 2023-இலும் அப்பிரமாணம் மேலும் விரிவுபெற்றது.

விதி இருந்தும் கருவி கைக்கு எட்டாவிட்டால் என்ன பயன்? நல்ல ஸ்கிரீன் ரீடர் ஒன்றின் விலை, அதை ஏற்றும் கணினியின் விலையைவிட அதிகமாக இருந்த காலம் அது. ஏழை நாடுகளின் பார்வையற்றோர் அதைக் கனவிலும் வாங்க இயலாது. 2006-இல் ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன், விலையின்றி எவரும் பெறத்தக்க, நிரலும் திறந்த ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார்; பார்வையற்றோருக்கான இசை முகாமில் சிறுவயதிலேயே நண்பரான ஜேம்ஸ் டே அவருடன் சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். என்.வி.டி.ஏ. என்னும் அந்த மென்பொருள் இன்று தமிழ் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. 2009-இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பேசும் திரை சேர்க்கப்பட்டது. ஆண்ட்ராய்டின் டாக்பேக் உருவாவதில் பங்கு கொண்டவர்களில் ஒருவர், பதினான்காம் வயதில் பார்வை இழந்து, பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற டி.வி. ராமன். அன்று முதல் இந்தத் துணை, தனியே வாங்கும் உபகரணமாக இராமல், சட்டைப்பையில் உள்ள கைப்பேசியின் ஓர் அங்கமாயிற்று.

இவ்வளவு நடந்த காலத்தில் தமிழ் எழுத்து எந்த நிலையில் இருந்தது? 1990-களில் தமிழ் வலைத்தளங்கள் பல, ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய தனித்தனி எழுத்துருக்களால் எழுதப்பட்டன. பாமினி எழுத்துருவில் தமிழ் என்ற சொல்லைத் தட்டினால், கண்ணுக்குத் தமிழ் என்றே தெரியும். ஆனால் கணினி தன்னுள் சேமித்துவைத்தது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. ஸ்கிரீன் ரீடர் எழுத்துருவின் வடிவத்தைப் பார்ப்பதில்லை; உள்ளே சேமித்ததையே படிக்கும். ஆகவே கதையும் கவிதையும் செய்தியும் நிறைந்த தமிழ்ப் பக்கங்கள் பார்வையற்ற தமிழரின் காதில் பொருளற்ற ஆங்கில உளறலாக விழுந்தன. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் குறியீட்டை ஒழுங்குபடுத்த முயன்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகளவில் ஒரே எண்ணை வழங்கும் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடமிருந்தும், அது பரவலாக வழங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் எழுதிய தமிழை ஜோனதன் டடிங்டனின் ஈஸ்பீக் குரலும், அதன்பின் வந்த இனிய குரல்களும் தமிழாகவே படிக்கின்றன. ஆயினும், அரசாணையையும் சுற்றறிக்கையையும் அச்சிட்டு முத்திரை குத்தி, மீண்டும் ஸ்கேன் செய்து படமாக ஏற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. படமான எழுத்து, பூட்டிய எழுத்துக்குச் சமானம்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அரசாங்க வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளியாயின. 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த அணுகல் விதி வெறும் சிபாரிசாக நிற்பது சட்டத்துக்கே முரண் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வங்கி முதலியவற்றில் கணினி வழியே அடையாளத்தை உறுதிசெய்யும்போது காமிராவின் முன் கண் சிமிட்டும்படி கேட்கிறார்கள். அமில வீச்சினால் இமை சிதைந்தவர் எவ்வாறு சிமிட்டுவார் என்ற கேள்வி அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தனர்.

இனி இதைத் தர்மம் என்று பேசுவதற்கு இடமில்லை. ரேஷன், வங்கி, ரயில், தேர்வு, மருத்துவம், உத்தியோக விண்ணப்பம் ஆகிய அனைத்தும் வலைத்தளத்தின் வழியாகவே நடக்கும் காலத்தில், அதைப் படிக்க இயலாதவர் பிரஜை என்ற ஸ்தானத்தையே பாதி இழந்தவராகிறார். லூயி பிரெய்ல் முதல் மைக்கேல் கரன் வரை, அடைபட்டவர்களே பெரும்பாலும் தங்கள் உழைப்பால் வழி கண்டார்கள். பார்வையுள்ள நாம் செய்ய வேண்டிய பாக்கி மிகச் சொற்பமே. ஆகவே, தளம் அமைக்க ஆணையிடும் ஒவ்வோர் அலுவலகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் தளத்தைத் திறந்துவைக்கும் நாளுக்கு முன்னால், பார்வையற்ற ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து, விண்ணப்பம் ஒன்றைத் தொடக்கமுதல் முடிவுவரை பிறர் துணையின்றி நிரப்பச் சொல்லுங்கள், அவர் எந்த இடத்தில் நின்றுவிடுகிறாரோ அந்த இடம் செப்பனிடப்படும் வரையில், தளத்தைத் திறக்காதிருங்கள்.